பிராட்பாக்கின் 60: உழவோடு சேர்த்து வாசிக்க வேண்டிய எண்

மணிச்சத்து (பாஸ்பரஸ்) போட்ட இடத்தைவிட்டு நகராது என்ற பழைய நம்பிக்கையை அசைத்ததில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்துப் பிராட்பாக் வயலுக்குப் பெரும் பங்கு உண்டு. அசைத்த கையோடு அது இன்னொரு நம்பிக்கையையும் விதைத்துவிட்டது. பயிருக்குக் கிட்டும் மணிச்சத்தை மதிப்பிடும் ஓல்சன் முறையில் அளந்த அளவு கிலோ மண்ணுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டாதவரை வடிநீரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்பதே அது. 1995இல் இந்த முடிவு வெளியானதிலிருந்து, 60ஐ மண்ணின் இயல்பாகவே எடுத்தாளும் ஒரு போக்கு ஆய்வாளரிடையே நிலவுகிறது. அந்த எண்ணில் மண்ணின் இயல்பு இருக்கிறது, மறுக்கவில்லை. கலப்பையும் இருக்கிறது என்பதே என் வாசிப்பு.

முதலில் சான்றைப் பார்ப்போம். 1843இல் தொடங்கிய இந்தக் கோதுமை வயலில், 1849இல் வெவ்வேறு உரமிட்ட ஒவ்வொரு பட்டையின் நடுவிலும் சுமார் 65 செ.மீ. ஆழத்தில் வடிகால் குழாய் பதித்தார்கள். 1992 அக்டோபருக்கும் 1994 பிப்ரவரிக்கும் இடையே அந்தக் குழாய்களில் ஐந்து முறை நீர் பிடித்தார்கள். மண்ணில் 60க்குக் கீழ் இருந்த பட்டைகளில் மொத்த மணிச்சத்து லிட்டருக்குச் சுமார் 0.15 மில்லிகிராமுக்குள் அடங்கியது. அதற்கு மேல், மண்ணின் அளவோடு சேர்ந்து ஏறியது. ஐந்தே முறை பிடித்த நீர் என்பதை நினைவில் வைக்கலாம். என் ஐயம் அதைப் பற்றியதல்ல.

ஐயம் மண் மாதிரியைப் பற்றியது. பிராட்பாக்கில் மேல்மண் என்பது உழவு படும் 23 செ.மீ. அடுக்கு. ஒன்றரை நூற்றாண்டாகப் புரட்டப்பட்ட அடுக்கு அது. கலக்கிய ரசத்தில் எங்கே முகந்தாலும் ஒன்றே; தெளியவிட்டால் மேலே ஒன்று, அடியில் வேறு. பிராட்பாக்கில் சராசரி உண்மையைச் சொல்கிறது, ஏனென்றால் கலப்பை ஏற்கெனவே சராசரி எடுத்துவிட்டது. இனி உழாத ஒரு நிலத்தைக் கற்பனை செய்வோம். உரத்தை மேலே தூவி விடுகிறார்கள். மேல் 5 செ.மீ.யில் 150, எஞ்சிய 18 செ.மீ.யில் 35 என்று வைத்துக்கொண்டால் சராசரி என்ன? அதே 60. ஆய்வுக்கூட அறிக்கையில் இரண்டு நிலங்களும் ஒன்றுதான். மழைநீர் முதலில் தொடுவதோ அந்த 150ஐ.

தொட்ட நீர் எப்படி இறங்குகிறது என்பதும் உழவைப் பொறுத்ததே. அடிமண்ணுக்கு மணிச்சத்தைப் பற்றிப் பிடிக்கும் திறன் நிறைய உண்டு. ஆனால் மண்புழுத் துளையிலும் வெடிப்பிலும் சரசரவென்று இறங்கும் நீர் அந்த மண்ணைச் சந்திப்பதே இல்லை. கலப்பை ஆண்டுதோறும் இந்தத் துளைகளின் வாயை அறுத்துவிடுகிறது. உழாத நிலத்தில் அவை மேற்பரப்பிலிருந்து குழாய்வரை திறந்தே கிடக்கும். மண்ணின் கட்டமைப்பு நீரின் போக்கை மாற்றும் என்பதற்குப் பிராட்பாக்கிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. தொழு உரமிட்ட பட்டையின் குழாய், அக்கம்பக்கத்துக் குழாய்கள் ஓடும்போதும் அரிதாகவே ஓடியதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கவனித்திருக்கிறார்கள். ஒரே மழை, ஒரே வயல், மண்ணின் கட்டமைப்பு வேறு. குழாய் சொல்லும் சாட்சியம் மண்ணின் வேதியியலை மட்டும் சார்ந்ததல்ல என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவின் மௌமீ ஆற்றுப் படுகையை இந்த வாசிப்போடு வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. மண் அரிப்பைத் தடுக்க அங்கே உழவைக் குறைத்தார்கள். மண்ணோடு ஒட்டிப்போகும் மணிச்சத்து மட்டுப்பட்டது. கரைந்த மணிச்சத்தோ 1990களின் நடுவிலிருந்து ஏறியது. 2014 ஆகஸ்டில், அந்த ஆறு கலக்கும் ஈரி ஏரியின் பாசி நஞ்சு டொலீடோ நகரின் குடிநீரில் கலந்து, சுமார் நான்கு இலட்சம் பேரிடம் குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தது. உழவில்லாச் சாகுபடி ஒன்றே காரணம் என்று சொல்வது மிகை. வடிகால் குழாய்கள் பெருகின, மழையின் போக்கும் மாறியது. ஆனால் தூவிய உரமும் புரளாத மண்ணும் ஒன்றுசேர்ந்தது தற்செயல் என்று ஒதுக்கவும் முடியாது.

உழாவிட்டால் அரிப்பு குறைகிறதே, மொத்த இழப்பு குறைகிறதே என்பார்கள். குறையட்டும். பாசி உடனே உண்பது கரைந்த மணிச்சத்தை. வடிநீரில் மணிச்சத்து ஏறத் தொடங்கும் மாறுமுனை வேறு மண்களில் வேறாக வந்திருக்கிறது என்பது இன்னொரு மறுப்பு. 60 எங்கும் பொருந்தும் எண்ணல்ல என்ற என் வாதத்துக்கே அது வலு. மீண்டும் ஆழ உழச் சொல்கிறேனா என்றால், இல்லை. உரத்தைத் தூவாமல் விதைக்கருகே மண்ணுக்குள் இடலாம். நீர்ம எருவை ஊற்றுமுன் மேல்மண்ணை லேசாகக் கிளறித் துளைகளின் வாயை அடைக்கலாம்.

அளவீட்டு முறை மட்டும் இன்னும் கலப்பைக் காலத்திலேயே நிற்கிறது. மௌமீ பாயும் ஒகையோவில் உரப் பரிந்துரைக்காக மண் எடுக்கும் ஆழம் 8 அங்குலம். மேல் 2 அங்குலத்தின் கதை அதற்குள் கரைந்துவிடுகிறது.