விவாகமும் சம்பளப் பிடித்தமும்

தென்பாண்டிச் சீமையில் சிற்றாற்றின் கரையிலே, கங்கை வரை படை செலுத்திய ராஜேந்திர சோழனின் விருதையே தன் பெயராகத் தாங்கி நிற்கும் கங்கைகொண்டான், வயலையும் மானாவாரிக் காட்டையும் நம்பியிருந்த நிலை மாறி, சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு மாதச் சம்பளத்தை எதிர்நோக்கும் குடும்பங்களுக்கும் ஊராகிவிட்டது. அவர்களுடைய சம்பளச் சீட்டில் ‘வருமான வரிப் பிடித்தம்’ என்று காணும் தொகைக்கும் மனிதரின் இல்லறத்துக்கும் உள்ள சம்பந்தம் மிகப் பழையது.

ராஜேந்திரன் காலத்துச் செப்பேடுகள் அடுக்கிச் சொல்லும் வரிகளில் கண்ணாலக் காணமும் ஒன்று. விவாகம் நடந்தால் அரசுக்குக் காசு செலுத்த வேண்டும் என்பது அன்றைய முறை. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியால் வறண்ட கஜானாவை நிரப்ப, அரசின் நிதிப் பொறுப்பிலிருந்த ஜேம்ஸ் வில்ஸன் 1860-இல் புகுத்திய வருமான வரி பிற்காலத்தில் நிலைபெற்று, 1922-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18-ஆம் பிரிவால், சம்பளம் கைக்கு வருமுன்பே முதலாளி பிடித்துச் செலுத்தும் வரியாயிற்று.

தென்பாண்டிச் சீமையின் பல சமூகங்களில் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் ‘அத்துவிடும்’ வழக்கம் முன்பே இருந்ததெனினும், ஹிந்துக்களின் விவாகரத்துக்குச் சென்னை மாகாணத்தில் சட்டம் பொதுவாக வழிவிட்டது 1949-இல்தான். 1955-இல் ஹிந்து விவாகச் சட்டம் அவ்வுரிமையைத் தேசமெங்கும் விரித்தது. அதே ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் சி. து. தேஷ்முக், 1,500 ரூபாயாக இருந்த வரியற்ற முதற்படியை மணமானவருக்கு 2,000-ஆக உயர்த்தி, மணமாகாதவருக்கு 1,000-ஆகத் தாழ்த்தினார். சோழர் காலத்தில் வரிக்குக் காரணமாயிருந்த விவாகம், இப்போது வரிச் சலுகைக்குக் காரணமாயிற்று! அந்தப் பாகுபாடு பின்னர் மறைந்தது.

மறையாமல் நின்றது வேறொன்று. சீதல்தாஸ் தீரத்தாஸ் வழக்கில், மனைவி மக்களுக்கு நீதிமன்ற ஆணைப்படி கொடுக்கும் ஜீவனாம்சத்தைக் கணவன் தன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள இயலாதென்று 1960-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. மாதாமாதம் பெறும் ஜீவனாம்சம் மனைவியின் வருமானமே என்று பின்னர் பம்பாய் உயர் நீதிமன்றம் கூறியது. கொடுப்பவரிடம் ஒருமுறை வரி கொண்ட பணத்தின்மேல், பெறுபவரின் வருமானம் வரம்பைத் தாண்டினால் மறுபடியும் வரி கொள்வது, முறிந்த குடும்பத்தை இருமுறை தண்டிப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. நாடாளுமன்றத்தார் இதைத் திருத்தியாக வேண்டும்.

அதுவரை, வருமான வரியின் பழைய முறையைத் தேர்ந்த, விவாகரத்துப் பெறும் சம்பளக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டின் தொடக்கத்தில் முதலாளியிடம் கொடுத்த உறுதிமொழிப் படிவத்தில் துணைவர் பேரிலான மருத்துவக் காப்பீட்டுக் கட்டணத்தைக் காட்டியிருந்தால், விவாகரத்துக்குப் பின் அவருக்காகக் கட்டும் தொகைக்குக் கழிவு கிடையாது. குழந்தைகளுக்காகக் கட்டுவதற்கு உண்டு. பிடித்தத்தின் கூடுதல் குறைவை அதே நிதியாண்டுக்குள் சரிசெய்ய முதலாளிக்குச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் நீங்கள் சொன்னாலொழிய அவருக்குத் தெரியாது; ஆகவே, தீர்ப்பு கைக்கு வந்த மாதமே திருத்திய படிவத்தைக் கணக்குப் பிரிவில் கொடுத்துவிடுங்கள், இல்லையேல் ஆண்டு முழுவதன் குறையும் மார்ச் மாதச் சம்பளத்தின் தலையில் வந்து விழும்.