பரணில் தூங்கும் பழைய ஹார்ட் டிஸ்க்

நம் குடியிருப்பில் பல வீட்டுப் பரண்களில் பழைய கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். அதைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன்பு இந்தச் சின்ன வரலாற்றைப் படித்துவிடுங்கள்.

1984-இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கி, பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் வழங்கியது. இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் 1981-இல் வெளியிட்ட பி.பி.சி. மைக்ரோதான் அது. நினைவகம் வெறும் 32 கிலோபைட். புரோகிராம்களைக் கேசட்டிலோ ஃப்ளாப்பியிலோ சேமிக்க வேண்டும்.

அந்தச் சிறிய இயந்திரத்துக்கும் ஹார்ட் டிஸ்க் உண்டு. தனிப் பெட்டியாக, 10 மெகாபைட், 30 மெகாபைட் அளவுகளில் ஏகார்னே விற்றது. கம்ப்யூட்டரின் அடிப்பக்கம் உள்ள '1 மெகாஹெர்ட்ஸ் பஸ்' என்ற சாக்கெட்டில் கேபிளைச் செருக வேண்டும். கேபிள் மட்டும் போதாது. 'ஏ.டி.எஃப்.எஸ்.' என்ற மென்பொருள் அடங்கிய சிப்பையும் உள்ளே பொருத்த வேண்டும். எந்த ஃபைல் டிஸ்கில் எங்கே இருக்கிறது என்பது அதற்குத்தான் தெரியும்.

வங்கி பாஷையில் சொன்னால், டிஸ்க் என்பது ஸ்ட்ராங் ரூம். கேபிளும் சாக்கெட்டும் அதற்குப் போகும் வழி. மென்பொருள், சாவி வைத்திருக்கும் ஊழியர். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் உள்ளே இருப்பது கைக்கு வராது. நாங்கள் கையால் எழுதிய லெட்ஜரை இன்றும் யாரும் புரட்டிப் படிக்கலாம். அதே காலத்து டிஸ்கை அப்படிப் படிக்க முடியாது.

வழியும் மாறிக்கொண்டே வந்தது. 1980-இல் சீகேட் நிறுவனத்தின் எஸ்.டி.-506 வந்தது. அதற்கு இரண்டு பட்டை கேபிள்கள் தேவை. 1986 வாக்கில் கட்டுப்பாட்டு சர்க்யூட்டை டிஸ்கின் மேலேயே வைத்த ஐ.டி.ஈ. வந்தது. 2003 முதல் சாட்டா வந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய டிஸ்குகள் அநாதையாகின.

ஆனாலும் பி.பி.சி. மைக்ரோ இன்றும் ஓடுகிறது. அந்தச் சாக்கெட்டில் சிறு சர்க்யூட் ஒன்றை இணைத்து, ஏ.டி.எஃப்.எஸ்.ஸைத் திருத்தி, கேமராவில் போடும் காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டையே ஹார்ட் டிஸ்காக ஆர்வலர்கள் பயன்படுத்துகிறார்கள். எந்தக் கம்பியில் எந்தச் சிக்னல், எந்தக் கட்டளைக்கு என்ன பதில் என்ற விவரங்கள் எழுத்தில் இருந்ததால்தான் இது முடிந்தது.

நம் வீட்டு டிஸ்குகளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பெட்டியைத் திறந்து பாருங்கள். அகலமான பட்டை கேபிள் என்றால் ஐ.டி.ஈ.; விரல் அகலம்கூட இல்லாத மெல்லிய கேபிள் என்றால் சாட்டா. இரண்டையும் யு.எஸ்.பி. வழியாக இன்றைய கம்ப்யூட்டரில் இணைக்கும் அடாப்டர் ரிச்சி தெருவில் கிடைக்கும். கல்யாணப் படங்கள், பெற்றோர் குரல், வீட்டுப் பத்திர ஸ்கேன் எல்லாவற்றையும் இரண்டு இடங்களில் காப்பி எடுங்கள். பிறகு டிஸ்கை முழுவதுமாக அழித்துவிட்டுப் போடுங்கள். அதில் உங்கள் வங்கிக் கணக்கு விவரமும் இருக்கலாம்.