ஆயாவின் நோன்புக் கணக்கு

செஞ்சிக்கு வடக்கே, சிறுகடம்பூரை ஒட்டித் திருநாதர்குன்று இருக்கிறது. அங்கே ஒரு பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. ஏறக்குறைய ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த அது, தமிழ் எழுத்து வரலாறு படிப்பவர்களுக்கு முக்கியமானது. இளையபட்டாரர் 30 நாள் நோன்பிருந்ததை இன்னொரு கல்வெட்டு பதிவு செய்திருக்கிறது.

நாள் நாளாக எண்ணப்பட்ட நோன்புகள் இவை. என் ஆயா அட்டமியிலும் சதுர்த்தசியிலும் இருந்த நோன்புகளை யாரும் எண்ணவில்லை. மாதத்துக்கு நான்கு என்று வைத்தாலும் அறுபது ஆண்டுகளில் 2,880 ஆகிறது. சந்திரநந்தி உலகைத் துறந்து நோன்பிருந்தவர். ஆயா அடுப்படியில் நின்றபடி இருந்தாள். தான் உண்ணாத நாளிலும் பத்துப் பேருக்குப் பொங்கிப்போட்டாள். பொழுது சாய்வதற்குள் உண்டு முடிக்க வேண்டும் என்ற சமண ஒழுக்கம் எங்கள் வீட்டு ஆண்களுக்கு விரதம். பெண்களுக்கு அது வேலைநேரம்.

செஞ்சியின் வரலாறு கோட்டையின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. 1677இல் சிவாஜி பிடித்தது, பிறகு இராஜாராமை முகலாயப் படை ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டது, 1714இல் தேசிங்கு மாண்டது. 2025 ஜூலையில் மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாக, மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ள ஒரே கோட்டையாக, யுனெஸ்கோ பட்டியலிலும் இது இடம்பெற்றது. இத்தனை நூற்றாண்டில் ஊரில் எல்லாரும் அறிந்த ராணி ஒருத்திதான், தேசிங்கின் மனைவி. அவள் என்ன படித்தாள், என்ன செய்தாள் என்று யாரும் சொல்வதில்லை. கணவனோடு தீயில் இறங்கினாள் என்பதே அவளைப் பற்றிய செய்தி. அவள் நினைவாகத்தான் ராணிப்பேட்டை பெயர் பெற்றது என்பார்கள்.

2019இல் ராணிப்பேட்டை தனி மாவட்டமானது. அதே மாவட்டத்து விளாப்பாக்கத்தில் வேறொரு பெண்ணின் கல்வெட்டு இருக்கிறது. முதலாம் பராந்தகனின் 38ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 945 அளவில் பொறிக்கப்பட்டது. திருப்பான்மலை அரிட்டநேமி பட்டாரரின் மாணாக்கி பட்டினிக் குரத்தி அடிகள் அங்கே ஒரு கிணறு தோண்டினார். அந்தக் கிணறும் வீடும் பெண்பள்ளிக்கு உரியவையாயின. பெயரிலேயே பட்டினியைச் சுமந்தவர் ஊருக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். தீயில் இறங்கியவள் பெயரில் மாவட்டம் இருக்கிறது. கிணறு தோண்டியவரைக் கல்வெட்டு படிப்பவர்கள் மட்டுமே அறிவார்கள்.

'குரத்தி' என்றால் பெண் ஆசிரியர். கழுகுமலைக் கல்வெட்டுகளிலும் குரத்தியர் பலர் வருகிறார்கள். செஞ்சிக்கு வடக்கே, வந்தவாசிப் பக்கத்து வேடலில், ஒன்பதாம் நூற்றாண்டில் ஒரு தகராறு எழுந்தபோது, கனகவீரக் குரத்தியாரையும் அவர் மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஊரார் ஏற்றார்கள். மாணவிகள் சூழப் பாடம் சொன்ன பெண்கள் வாழ்ந்த நிலம் இது. ஆயிரம் ஆண்டு கழித்து அதே நிலத்தில், அதே சமயத்தில் பிறந்த என் ஆயாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது. இந்த இடைவெளி எப்படி வந்தது?

பெண்பள்ளிகள் மறைந்தபின் பெண்ணின் சமயத்துக்கு வீடு ஒன்றே இடமாயிற்று. மேல்சித்தாமூர் மடத்தின் தலைமை பட்டாரகருக்கு, ஓலைச்சுவடிகள் மடத்துக்கு. பெண் உடலோடு வீடுபேறு இல்லை என்பது திகம்பரக் கொள்கை. அடுத்த பிறவியில் ஆணாகப் பிறந்துதான் அடைய வேண்டும். கடைசிக் கதவைச் சாத்திவிட்டு, வாசல் பெருக்கும் வேலையை மட்டும் அவளிடம் விட்டிருக்கிறது சமயம்.

ஆனாலும் அந்தச் சமயம் பிழைத்தது யாரால் என்று கேட்க வேண்டும். இங்கத்து நயினார்களிடம் வழங்கும் கதை ஒன்றை 1906ஆம் ஆண்டின் தென்னார்க்காடு கெசட்டியரும் பதிந்திருக்கிறது. 1478இல் செஞ்சியை ஆண்ட வேங்கடபதி நாயக்கர் சமணரிடம் மணமகள் கேட்டாராம். பெண் தருவதாக ஒப்புக்கொண்ட சமணர், குறித்த நாளில் வீட்டைக் காலிசெய்துவிட்டு ஒரு பெட்டைநாயைக் கட்டிவைத்துப் போனார்கள். சினந்த மன்னர் சமணரின் தலைகளை வெட்டச் சொன்னார். பலர் ஓடினார்கள், பலர் திருநீறு பூசிச் சமயத்தை மறைத்தார்கள். திண்டிவனத்தை அடுத்த வேலூரில் ஒருவர் தண்ணீரை வடிகட்டியபோது சமணர் என்று பிடிபட்டார். மன்னருக்குப் பிள்ளை பிறந்த நேரம் என்பதால் தப்பி, சிரவணபெளகொள போய்த் துறவியாகி, வீரசேனாசாரியராகத் திரும்பிச் சமயத்தை மீட்டார்.

கதை முழுக்க ஆண்களின் மானமும் வீரமும். யாரை வைத்துப் பேரம் நடந்ததோ அந்தப் பெண்ணுக்குக் கதையில் பெயரில்லை, பேச்சும் இல்லை. திருநீறு பூசிய வீடுகளுக்குள் தினமும் தண்ணீரை வடிகட்டியது யார் என்றும் கதை சொல்லவில்லை.

ஆயாவின் வெள்ளைத் துணியை நான் பார்த்திருக்கிறேன். மடித்துக் குடத்தின் வாயில் போட்டு வடிகட்டுவாள். பிறகு துணியைத் திருப்பி, அதே தண்ணீரால் அலசி, அலசலை எடுத்த கிணற்றிலேயே மெதுவாக இறக்குவாள். கண்ணுக்குத் தெரியாத உயிரும் அதன் இடத்துக்குப் போய்ச்சேர வேண்டும். கொல்லாமை என்ற பெருந்தத்துவம் ஒரு முழத் துணியில் நடந்தது. ஒருமுறை வடிகட்டியவர் ஆசாரியரானார். நாளைக்கு இரண்டு முறை வடிகட்டியவள் மருமகளாக, மாமியாராக, ஆயாவாக மட்டுமே இருந்தாள்.

உணவு, மருந்து, அடைக்கலம், சாத்திரம் என்று சமணம் நான்கு தானங்களைச் சொல்கிறது. பசித்து வந்தவருக்குச் சோறு போட்டாள், தெருப்பிள்ளைகளின் காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்தாள், புருஷனிடம் அடிபட்டு வந்தவளைத் தன் பாயில் படுக்கவைத்தாள். நான்காவதைக் கொடுக்க அவளுக்கு யாரும் எழுத்தைக் கொடுத்திருக்கவில்லை.

இவளைத் 'தியாகி' என்று புகழ்ந்து முடிப்பது எளிது. அந்தச் சொல் ராணியைத் தீயோடு விட்டதுபோல ஆயாவை அடுப்போடு விட்டுவிடும். விளாப்பாக்கத்துக் கல்வெட்டு குரத்தியைத் தியாகி என்று சொல்லவில்லை. அவர் யார், யாரிடம் கற்றார், என்ன கட்டினார், அது யாருக்குச் சேர வேண்டும் என்று சொல்கிறது. நம் பாட்டிகளைப் பற்றியும் இந்த நான்கு கேள்விகளைக் கேட்டு எழுதலாம். இரண்டாவது கேள்விக்குப் பல வீடுகளில் பதில் இருக்காது. அந்த வெற்றிடத்தையும் அப்படியே எழுதி வைக்க வேண்டும்.