குழாய்க்குள் ஒரு குடியிருப்பு

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

நீர் சுத்திகரிப்பு பற்றிப் பாடப்புத்தகத்தில் ஒரு படம் இருக்கும். ஏரி, மணல் வடிகட்டி, குளோரின் தொட்டி, கடைசியில் வீடு. நடுவில் வரும் குழாய் வெறும் கோடுதான். வரலாறு படிப்பவனான எனக்கு அந்தக் கோட்டின் மேல்தான் கண் போகிறது.

இரண்டு நாள் தேய்க்காத குடத்தின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள், வழவழவென்று இருக்கும். பாக்டீரியாக்கள் சுவரில் ஒட்டிக்கொண்டு, தாங்களே சுரக்கும் பசைக்குள் கூட்டமாக வாழ்கின்றன. இதைத்தான் பயோஃபிலிம் என்கிறார்கள். நீரில் மிதக்கும் கிருமியைக் குளோரின் எளிதில் கொன்றுவிடும். பசைக்குள் இருப்பதை எட்டுவதற்குள் அதன் வீரியம் குறைந்துவிடும். நீர்க் குழாய்களில் இந்தப் படலம் எங்கும் உண்டு. பெரும்பாலும் அதனால் தீங்கில்லை. ஆனால் சில நேரம் ஆபத்தான ஒன்றும் அங்கே குடியேறிவிடும்.

அந்த ஒன்றை உலகம் அறிந்த கதை இது. 1976 ஜூலையில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில், பெல்வியூ-ஸ்ட்ராட்ஃபோர்டு ஹோட்டலில் 'அமெரிக்கன் லீஜன்' என்ற முன்னாள் படைவீரர் சங்கத்தின் மாநாடு நடந்தது. ஊர் திரும்பியவர்கள் நிமோனியாவில் விழுந்தார்கள். அவர்களில் 29 பேர் இறந்தார்கள். மாநாட்டுக்கு வராதவர்களையும் சேர்த்தால் இறந்தவர்கள் 34 பேர். மாதக்கணக்கில் காரணம் பிடிபடவில்லை. ஹோட்டலையே மூட வேண்டியதாயிற்று. ஆண்டு இறுதியில் ஜோசப் மெக்டேட் என்ற ஆய்வாளர் பழைய கண்ணாடிச் சில்லுகளை மறுபடி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். 1977 ஜனவரியில் கிருமி அறிவிக்கப்பட்டது. அதன் பெயர் லீஜியோனெல்லா.

சேமித்து வைத்திருந்த பழைய ரத்த மாதிரிகளைச் சோதித்தபோது, 1965-லும் 1968-லும் விளங்காமல் போன நோய்ப் பரவல்களுக்கும் இதுவே காரணம் என்று தெரிந்தது. கிருமி புதிதல்ல, நமக்குத்தான் புதிது. 1980-ல் இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையின் ஷவரிலேயே அது கிடைத்தது. தன்னை விழுங்கும் அமீபாவுக்குள்ளேயே அது பெருகுகிறது என்று அதே ஆண்டு டி. ஜே. ரோபாதம் காட்டினார். குழாய்ப் படலத்தை மேயும் அமீபாதான் அதற்கு அடைக்கலம். இந்த நோய் பொதுவாக நீரைக் குடிப்பதால் வருவதில்லை, நீர்த்திவலைகளை மூச்சில் இழுப்பதால் வருகிறது.

இத்தனையும் தெரிந்து 34 ஆண்டுகள் கழித்து மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரில் நடந்ததுதான் என் மனதை உறுத்துகிறது. செலவைக் குறைப்பதற்காக, 2014 ஏப்ரல் 25 அன்று நகரின் குடிநீரை ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். அரிப்பைத் தடுக்கும் ரசாயனத்தைச் சேர்க்கவில்லை. இரும்புக் குழாய்கள் அரித்தன, ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் கரைந்தது. அந்த இரும்போடு வினைபுரிந்தே குளோரின் தீர்ந்துபோனது. காவலாளி இல்லாத குழாய் கிருமிக்கு வசதியாகிவிட்டது. அந்த ஆண்டு அக்டோபரில், இயந்திர உதிரிகள் துருப்பிடிக்கின்றன என்று ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை அந்த நீரைக் கைவிட்டது. மக்களோ தொடர்ந்து அதிலேதான் குளித்தார்கள்.

2014, 2015 ஆகிய இரண்டு ஆண்டுகளில் சுமார் 90 பேருக்கு லீஜியோனெல்லா நோய் வந்தது. குறைந்தது 12 பேர் இறந்தார்கள். நோய் கூடியது அதிகாரிகளுக்கு முன்பே தெரியும். மக்களுக்கு ஆளுநர் அறிவித்தது 2016 ஜனவரியில்தான். குளோரின் குறைந்த பகுதிகளில் நோயின் அபாயம் கூடியிருந்ததை 2018-ல் வெளியான ஆய்வு காட்டியது.

ஃபிலடெல்ஃபியாவில் இறந்தவர்களுக்கு வந்த நோயை அன்று யாருக்கும் தெரியாது. ஃபிளின்ட்டில் தெரியும். இந்த இரண்டு சாவுகளையும் வரலாறு ஒரே கணக்கில் எழுதக் கூடாது.

வீட்டளவில் செய்யக்கூடியது எளிது. தேங்கிய வெதுவெதுப்பான நீர்தான் இந்தக் கிருமிக்குப் பிடித்த இடம். பல நாள் பூட்டிக் கிடந்த வீட்டுக்குத் திரும்பினால், ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லாக் குழாய்களையும் சில நிமிடம் ஓடவிடுங்கள். நீர் தெறிக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஷவர் தலையைக் கழற்றித் தேயுங்கள். மேல்தொட்டியை மூடி வையுங்கள், அவ்வப்போது கழுவுங்கள். வீட்டில் முதியவர்களோ நுரையீரல் நோயாளிகளோ இருந்தால் கூடுதல் கவனம் தேவை.

குழாய்க்கு முன்னால் நடப்பதை அரசிடம் கேட்க வேண்டும். எந்த ஊராக இருந்தாலும், வீட்டுக் குழாயில் வரும் நீரில் குளோரின் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேட்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டு. கேளுங்கள்.