சென்னை மாநிலத்துக்கு எதிராக: தென்னாற்காட்டில் தனிமனித உரிமையும் அரசதிகாரத்தின் எல்லையும்

இந்திய உச்ச நீதிமன்றத்தின் தொடக்க ஆண்டுகளின் தீர்ப்புத் தொகுதிகளைப் புரட்டுகிறவர் கண்ணில் அடிக்கடி படுவது சென்னை மாநில அரசின் பெயர். ஏ.கே. கோபாலன், ரொமேஷ் தாப்பர், சண்பகம் துரைராஜன், வி.ஜி. ராவ் ஆகியோரின் வழக்குகள் அடிப்படை உரிமைகளுக்கு முதன்முதலில் பொருள் சொன்னவை. நான்கிலும் எதிர்த்தரப்பில் நின்றது சென்னை மாநிலம். தனிமனிதனைத் தொடும்போது அரசு எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்வி இங்கிருந்து இத்தனை முறை டெல்லிக்குப் போனதற்குக் கம்யூனிஸ்டுகள் மீதான அடக்குமுறையைக் காரணமாகக் காட்டுவது வழக்கம். அது சரிதான், ஆனால் பாதிதான். மீதிப் பாதியைத் திண்டிவனம் வட்டத்தில் தேட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

தென்னாற்காடு மாவட்டத்தில் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895இல் பிறந்து, ஓமந்தூரார் என்றே அழைக்கப்பட்ட ராமசாமி ரெட்டியார், 1947 மார்ச் 23 அன்று சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அப்போது முதலமைச்சர் பதவிக்கு அந்தப் பெயர்தான். இரண்டே ஆண்டுகள் ஆண்டார். அந்த இரண்டு ஆண்டுகளில் வந்த சட்டங்களை வரிசைப்படுத்தினால் மலைப்பாக இருக்கும். ஆலயங்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்ட 1947ஆம் ஆண்டுச் சட்டம், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதைத் தடுத்த சட்டம், 1948இன் ஜமீன் ஒழிப்புச் சட்டம் என்று அது நீள்கிறது. குற்றப் பரம்பரைச் சட்டம் இம்மாகாணத்தில் நீக்கப்பட்டதும் 1947இல்தான். தென்னாற்காட்டில் வேப்பூர்ப் பறையர் போன்றோரைப் பிறப்பின் பேரிலேயே குற்றவாளிகளாக்கிக் கைரேகை வாங்கி, காவல் நிலையத்தின் கண்காணிப்பில் வைத்திருந்த சட்டம் அது.

இவற்றை நான் தனிமனித உரிமையின் வரலாற்றில்தான் சேர்ப்பேன். ஊரும் சாதியும் கோயில் நிர்வாகமும் ஜமீனும் ஒரு மனிதன் மேல் வைத்திருந்த பிடியை இவை தளர்த்தின. தளர்த்தும் வலு அன்று அரசுக்கு மட்டுமே இருந்தது. அமெரிக்க அரசியலமைப்பை எழுதியவர்கள் 1787இல் அஞ்சியது அரசாங்கத்தைக் கண்டு. அவர்களில் பலர் பண்ணையில் அடிமைகளை வைத்திருந்தவர்கள். பண்ணையாருக்கும் அடிமைக்கும் இடையிலான உறவில் அந்த ஆவணம் கை வைக்கவில்லை. ஓமந்தூராரின் தலைமுறை நேர்மாறான இடத்திலிருந்து புறப்பட்டது. அதற்கு அரசு ஒரு கருவி. கருவியின் கையைக் கட்டிப்போடும் யோசனை அதற்கு உவப்பாக இருந்திருக்க முடியாது.

ஆகவே அதே ஆட்சி இன்னொரு சட்டத்தையும் கூசாமல் கையாண்டது. அவருக்கு முன்பிருந்த பிரகாசம் அமைச்சரவை 1947 தொடக்கத்தில் கொண்டுவந்த பொது அமைதிப் பாதுகாப்புச் சட்டம், விசாரணையே இல்லாமல் ஒருவரைச் சிறையில் வைக்க இடம் கொடுத்தது. ஓமந்தூரார் அதை நீக்கவில்லை, பயன்படுத்தினார். காவல்துறையைக் கையில் வைத்திருந்த அமைச்சர் ப. சுப்பராயனின் மகன் மோகன் குமாரமங்கலமும் மகள் பார்வதி கிருஷ்ணனும் கம்யூனிஸ்டுகள் என்பதை நினைவில் வைத்தால், அன்றைய அரசியலின் விசித்திரம் விளங்கும். குற்றப் பரம்பரைச் சட்டம் போன மறு ஆண்டே, 1948இல், வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றும் வந்தது. பிறப்பை விட்டுவிட்டுத் தனி ஆளின் நடத்தையைப் பார்க்கும் சட்டம் அது. கோட்பாட்டில் பெரிய முன்னேற்றம். ஆனால் அதை நடைமுறைப்படுத்தியது பழைய காவல் நிலையம்தான்.

ஆணை ஒன்றே போதும், விசாரணை வேண்டாம் என்ற பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பாரதி 1918 நவம்பர் 20 அன்று பிரெஞ்சு புதுச்சேரியின் எல்லையைத் தாண்டியதும் கைது செய்யப்பட்டு, கடலூர்ச் சிறைக்குக் கொண்டு போகப்பட்டார். டிசம்பர் 14 அன்று நிபந்தனைகளோடு விடுதலை. எல்லைக்கு அந்தப் பக்கம் சுதந்திர மனிதர், இந்தப் பக்கம் கைதி. இன்றைய விழுப்புரம் மாவட்டம் அந்த எல்லையைச் சுற்றித்தான் கிடக்கிறது. காலனி அரசின் இந்தக் கருவியை எதிர்த்துப் போராடியவர்களே 1947இல் அதை எடுத்துக்கொண்டார்கள்.

சென்னையில் இது நடந்துகொண்டிருந்தபோது டெல்லியில் அரசியல் நிர்ணய சபை கூடியிருந்தது. ஓமந்தூராரும் அதில் ஓர் உறுப்பினர். உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்கும் எந்த அளவு காப்பு என்பதில் அங்கே பெரிய இழுபறி. அமெரிக்காவின் ஐந்தாம் திருத்தம் (1791), பதினான்காம் திருத்தம் (1868) ஆகியவற்றில் உள்ள ‘டியூ பிராசஸ்’ முதல் வரைவில் இருந்தது. சட்டமன்றம் இயற்றிய சட்டமே நியாயமானதுதானா என்று நீதிபதி கேட்க அது வழி செய்யும். அரசியலமைப்பு ஆலோசகர் பெனகல் நரசிங்க ராவ் 1947இல் அமெரிக்கா போய் அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி பெலிக்ஸ் பிராங்பர்ட்டரைச் சந்தித்தார். நீதிபதிகளுக்கு இத்தனை அதிகாரம் ஜனநாயகத்துக்கு ஒவ்வாது என்றார் பிராங்பர்ட்டர். ரொட்டித் தொழிலாளியின் வேலை நேரத்தை வாரம் 60 மணியாகக் கட்டுப்படுத்திய நியூயார்க் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1905இல் ரத்து செய்ததும் இந்த அதிகாரத்தை வைத்துத்தான். ஜமீன் ஒழிப்பை எண்ணிக்கொண்டிருந்த ஒரு நாட்டுக்கு அந்த முன்னுதாரணம் கிலி ஊட்டியதில் வியப்பில்லை. அதே பிராங்பர்ட்டர், சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்கா வீடுகளிலிருந்து பெயர்த்து முகாம்களில் அடைத்த காலத்தில், அந்த வெளியேற்ற ஆணையை 1944இல் செல்லும் என்று தீர்ப்பளித்த பெரும்பான்மையில் இருந்தவர். இதை யாரும் அன்று பெரிதாக எடுத்துப் பேசியதாகத் தெரியவில்லை. நீதிபதி ஒதுங்கி நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடக் கிட்டிய சான்று இல்லை.

‘சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை’ என்ற சொற்கள் ஜப்பானிய அரசியலமைப்பை ஒட்டி வரைவில் புகுந்தன. சபை உறுப்பினர்களில் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் அதன் பக்கம், கே.எம். முன்ஷி எதிர்ப் பக்கம். 1948 டிசம்பர் 13 அன்று பேசிய அம்பேத்கர் இரண்டிலும் ஆபத்து இருப்பதைச் சொல்லி முடிவைச் சபையிடமே விட்டார். அமெரிக்கச் சொற்கள் போயின. இழப்புக்கு ஓரளவு ஈடாக 1949 செப்டம்பரில் அவர் கொண்டுவந்த ஷரத்துதான் இன்றைய 22: கைதின் காரணத்தைச் சொல்ல வேண்டும், வழக்கறிஞரை அணுக விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். தடுப்புக் காவல் கைதிக்கு நடுவர் முன் நிற்கும் உரிமையோ வழக்கறிஞர் உரிமையோ இல்லை என்றும் அதே ஷரத்து சொன்னது. அமெரிக்க அரசியலமைப்போ, ஆட்கொணர்வு மனு என்னும் வழியைக் கலகமோ படையெடுப்போ நேர்ந்தால் ஒழிய அடைக்கக் கூடாது என்று தொடக்கத்திலேயே விதித்திருந்தது. அமைதிக் காலத்துத் தடுப்புக் காவலை உரிமைகள் பகுதிக்குள்ளேயே ஏற்றுக்கொண்டதுதான் நம்முடைய தனித்தன்மை, பெருமைப்படத் தக்கதல்ல.

1950 ஜனவரி 26 அன்று அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. பதினாறாவது நாள், பிப்ரவரி 11 அன்று, சேலம் சிறையில் துப்பாக்கிச் சூடு. 22 கம்யூனிஸ்டுக் கைதிகள் இறந்தார்கள். அந்த மாதமே தடுப்புக் காவல் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மார்ச் 1 அன்று இரண்டு ஆணைகள். ஒன்று, ரொமேஷ் தாப்பர் நடத்திப் பம்பாயிலிருந்து வந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ வார இதழ் சென்னை மாநிலத்துக்குள் நுழையக் கூடாது என்றது. மற்றது, 1947 டிசம்பரிலிருந்து சிறையில் இருந்த கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ.கே. கோபாலனிடம் புதிய சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டது. அவர் மீதான தண்டனைகள் ரத்தாகியும் அவர் வெளியே வரவில்லை. சட்டம் மாறியது, கொட்டடி மாறவில்லை.

கோபாலன் உச்ச நீதிமன்றத்தில் போட்ட ஆட்கொணர்வு மனுவில் அவருக்காக எம்.கே. நம்பியார் வாதாடினார், மாநிலத்துக்காகத் தலைமை வழக்கறிஞர் கே. ராஜா ஐயர். அரசியல் நிர்ணய சபை வாசலில் திருப்பி அனுப்பிய அமெரிக்கக் கருத்தை நம்பியார் நீதிமன்றத்தின் வழியாக உள்ளே கொண்டுவரப் பார்த்தார். மே 19 அன்று பெரும்பான்மை நீதிபதிகள் மறுத்தார்கள். சபை வேண்டாம் என்று விட்டதை நாங்கள் சேர்க்க முடியாது. முறைப்படி இயற்றிய சட்டம் இருந்தால் போதும் என்பது அவர்கள் நிலை. அறிவிப்பு, தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு, சார்பற்ற நடுவர், ஒழுங்கான நடைமுறை ஆகியவை இல்லாமல் சட்டம் என்ற பெயரே பொருந்தாது என்று நீதிபதி பசல் அலி மாறுபட்டு எழுதினார். காவலின் காரணங்களை நீதிமன்றத்திடம்கூடச் சொல்லக் கூடாது என்ற, தடுப்புக் காவல் சட்டத்தின் 14ஆம் பிரிவு மட்டும் விழுந்தது. ஒரு வாரம் கழித்து மே 26 அன்று, தாப்பரின் இதழுக்கு விதித்த தடை ரத்தானது. பேச்சைத் தடுக்கப் ‘பொது அமைதி’ என்ற காரணம் அன்றைய 19ஆம் ஷரத்தில் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். 1951 ஜூனில் வந்த முதல் திருத்தம் அதைச் சேர்த்தது. கட்டுப்பாடு ‘நியாயமானதாக’ இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. அரசு தன் கையைத் தானே கொஞ்சம் கட்டிக்கொண்ட அபூர்வமான சந்தர்ப்பம்.

வழக்கறிஞர் வி.ஜி. ராவ் செயலாளராக இருந்த மக்கள் கல்விச் சங்கத்தைச் சென்னை அரசு 1950 மார்ச்சில் சட்டவிரோதம் என்று அறிவித்தது. சங்கத்தின் தரப்பைக் கேட்கவும் இல்லை. 1952 மார்ச் 31 அன்று இதில் தீர்ப்பு எழுதிய தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரியும் நம் மாகாணத்துக்காரர். கோபாலனுக்கு எதிரான பெரும்பான்மையில் இருந்தவரும் அவரே. இம்முறை அரசு தோற்றது. இந்திய நீதிமன்றத்தின் மறுஆய்வு அதிகாரம், அமெரிக்காவில் போலப் பரந்த விளக்கத்தால் விளைந்தது அல்ல, அரசியலமைப்பே வெளிப்படையாகக் கொடுத்தது என்று அவர் வேறுபடுத்தினார். கட்டுப்பாடு நியாயமானதா என்று பார்க்கும்போது சட்டத்தின் உள்ளடக்கத்தோடு நடைமுறையையும் எடைபோட வேண்டும் என்றும் சொன்னார். கோபாலன் வழக்கில் தட்டிய கதவு இங்கே ஒரு விரல் அளவு திறந்தது. முழுதாகத் திறக்க 1978இல் மேனகா காந்தி வழக்கு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் நெருக்கடிநிலையும் மிசா என்ற தடுப்புக் காவல் சட்டமும் வந்து போயின.

கோட்பாட்டில் வென்றாயிற்று. ஆனால் தமிழ்நாட்டில் 1982இல் தடுப்புக் காவலுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. அதன் பெயர் நீளமானது. ஊரில் ‘குண்டாஸ்’ என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாவட்ட ஆட்சியர் கையெழுத்திடுகிறார். 12 நாட்களுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும். மூன்று வாரத்துக்குள் அறிவுரைக் குழுமத்துக்குப் போக வேண்டும். அங்கே வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது. அதிகபட்சம் ஓராண்டு. விழுப்புரம் மாவட்டக் கைதிகள் பெரும்பாலும் கடலூர் மத்திய சிறைக்குப் போகிறார்கள். உறவினர் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுகிறார். பல ஆணைகள் அங்கே உடைகின்றன. உடைபடும் காரணங்களைப் பாருங்கள்: கைதியிடம் கொடுத்த ஆவணக் கட்டில் ஒரு பக்கம் படிக்க முடியவில்லை, தமிழ் மொழிபெயர்ப்பு தவறு, முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதம். அந்த ஆள் உண்மையில் ஆபத்தானவரா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் போவதே இல்லை. மனு விசாரணைக்கு வருவதற்குள் பல மாதம் உள்ளே கழிந்திருக்கும். ரேகா வழக்கில் 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சாதாரணச் சட்டம் போதுமானால் தடுப்புக் காவல் கூடாது என்றது. அமெரிக்காவில் இப்படி ஒரு சட்டம் அமைதிக் காலத்தில் இல்லை என்பதையும் சுட்டிக்காட்டியது. மூன்று ஆண்டில், 2014இல், தமிழகச் சட்டமன்றம் குண்டாஸின் எல்லையைச் சுருக்கவில்லை, இணையக் குற்றத்துக்கும் பாலியல் குற்றத்துக்கும் விரித்தது.

இதற்கு மக்கள் ஆதரவு இல்லை என்று சொல்ல முடியாது. மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, சாராயம் விற்றவனுக்கு வழக்கறிஞர் உரிமை வேண்டும் என்று அந்தத் தெருவில் யாரிடம் பேச முடியும்? ஆனால் சாராய வியாபாரத்தைக் கண்டும் காணாமல் இருக்கும் நிர்வாகம், சாவு விழுந்த பிறகு எடுக்கும் ஆயுதமாகவே இச்சட்டம் இருக்கிறது. புலனாய்வில் வரும் ஓட்டையைக் காவல் ஆணையால் அடைப்பது இங்கே வழக்கமாகிவிட்டது.

இந்த அதிகாரத்தின் சுமை யார் மேல் விழுகிறது என்பதற்குத் தென்னாற்காடு மாவட்டம் பிரியுமுன்னரே ஒரு சான்று உண்டு. 1993 மார்ச்சில், விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரம் காவல் நிலையத்துக்குத் திருட்டுச் சந்தேகத்தில் கொண்டு போகப்பட்ட குறவர் ஒருவர் வீடு திரும்பவில்லை. அவர் மனைவிக்காக வழக்கறிஞர் கே. சந்துரு உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தது ஆட்கொணர்வு மனு. கோபாலன் கேட்ட அதே மனு. கொண்டுவந்து நிறுத்த ஆள் உயிரோடு இல்லை. பின்னாளில் ‘ஜெய் பீம்’ படத்தால் பரவலாகத் தெரிய வந்த வழக்கு இது. அந்த ஆண்டு செப்டம்பர் 30 அன்று விழுப்புரம் தனி மாவட்டமானது. 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கைதுக்கான விதிகளை வகுத்தபோது, அமெரிக்காவின் 1966ஆம் ஆண்டு மிராண்டா தீர்ப்பையும் எடுத்துக் காட்டியது. கைதுக் குறிப்பில் சாட்சியின் கையெழுத்து, உறவினருக்குத் தகவல், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை என்ற அந்த விதிகள் காவல் நிலையச் சுவர்களில் தமிழில் பலகையாகத் தொங்குகின்றன. பலகைக்குக் கீழே உட்கார வைக்கப்படுகிறவர்களில் எழுத்தறியாத இருளர் பழங்குடியினர் உண்டு.

திண்டிவனத்திலிருந்து இயங்கும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம், பேராசிரியர் பிரபா கல்விமணியின் முன்முயற்சியில் இரண்டு வேலைகளை ஒருசேரச் செய்துவருகிறது. இருளர்கள் மேல் போடப்படும் பொய்த் திருட்டு வழக்குகளை எதிர்ப்பது ஒன்று. சாதிச் சான்றிதழுக்கும் மனைப்பட்டாவுக்கும் அரசின் கதவைத் தட்டுவது மற்றொன்று. ஒரு வேலையில் அரசு எட்ட நிற்க வேண்டும். மற்றதில் கிட்டே வர வேண்டும். ஓமந்தூரார் இரண்டாவதை மட்டுமே அரசின் வேலையாகக் கண்டார், கோபாலனின் வழக்கறிஞர் முதலாவதை மட்டுமே கேட்டார். பழங்குடிச் சான்றிதழ் வழங்கும் அதிகாரம் கோட்டாட்சியரிடம் இருக்கிறது. அவர் கையெழுத்து இல்லாத இருளர் பிள்ளைக்குப் பழங்குடியினருக்கான கல்லூரி இட ஒதுக்கீடு இல்லை. இரவில் காவல்துறை வேன் வந்து நின்றாலோ, இருளர் குடியிருப்பு எது என்று அடையாளம் காட்ட அந்தச் சான்றிதழை யாரும் கேட்பதில்லை.