சிக்கனக் கணக்கை எழுதியவர் யார்?



தொடக்கநிலை ஐந்தாம் வகுப்பு மாணவர்களைச் ‘சிக்கனம்’ என்னும் தலைப்பில் ஆண்டுக்கொரு முறை கட்டுரை எழுதப் பணிப்பது என் வழக்கம். ‘சிறுதுளி பெருவெள்ளம்’ என்று தொடங்கி, உண்டியலில் வந்து முடியும் கட்டுரைகளையே இருபது ஆண்டுகளாகத் திருத்தி வந்திருக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு மாணவி நான்கே வரிகள் எழுதித் தாளைத் தந்துவிட்டாள். தன் அம்மா ஒவ்வொரு செலவையும் எழுதி வைப்பதாகவும், ஆயினும் மாதக் கடைசியில் பணம் மிஞ்சுவதில்லை என்றும் குறிப்பிட்டிருந்தாள். கடைசி வரி ஒரு கேள்வி: “அப்படியென்றால் நாங்கள் சிக்கனமாக இல்லையா, ஆசிரியரே?”

அந்தத் தாளுக்கு மதிப்பெண் இட என்னால் இயலவில்லை. மார்சிலிங்கில் உள்ள என் வீட்டிற்கு அதை எடுத்து வந்தேன். அன்றிரவு அலமாரியின் அடித்தட்டிலிருந்து என் தாத்தாவின் கணக்கேடுகளையும் எடுத்தேன். அவ்வேடுகள் என்னை அழைத்துச் சென்ற வரலாற்றையே இங்கு உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் தொழிலாளியாக இருந்தவர். 1938ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் திறக்கப்பட்ட அத்தளம், சிங்கப்பூரின் வடபகுதியில் பல தமிழ், மலையாளக் குடும்பங்களுக்குச் சோறு போட்ட இடம். தாத்தா ஒவ்வோர் ஆண்டும் தைப்பொங்கலன்று புது ஏடு தொடங்குவார். முதல் பக்கத்தில் அந்த ஆண்டு முழுவதற்குமான உத்தேச வரவு இருக்கும். அதற்குக் கீழே மாதச் செலவுகள் வரா; ஆண்டுக்கொரு முறை வருகின்ற செலவுகளே முதலில் வரும். தீபாவளித் துணிமணி, பிள்ளைகளின் பள்ளிச் சீருடையும் புத்தகமும், ஊரில் இருந்த தம் தாயாருக்கு அனுப்பும் பணம், மருத்துவத்திற்கென ஒரு சிறு தொகை ஆகிய இவற்றைக் கழித்த பிறகு எஞ்சுவதைப் பன்னிரண்டால் வகுப்பார். வரும் ஈவுதான் அம்மாதத்து அரிசி, எண்ணெய், மீன், விறகு எல்லாவற்றிற்கும்!

இம்முறையின் நுட்பத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மாதக் கணக்கு மட்டும் எழுதும் குடும்பம் பத்து மாதங்கள் தடையின்றி நடக்கும். தீபாவளியும் பள்ளித் திறப்பும் வரும்போது கடனில் விழும். ஆண்டுக் கணக்கு அந்தப் பள்ளத்தை முன்கூட்டியே காட்டிவிடுகிறது. ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்னும் பெண் இதழாளர் 1904ஆம் ஆண்டு இல்லத்தரசிகளுக்கான கணக்கேட்டை வெளியிட்டார். இன்று ‘கக்கேபோ’ என்று உலகெங்கும் பேசப்படும் முறை அதிலிருந்து வளர்ந்ததே. தாத்தா அப்பெயரைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஆயினும் செலவுக்கு முன்னரே திட்டம் என்னும் கருத்து இரண்டிற்கும் பொதுவாக இருக்கிறது.

பெருந்தொகைக்கு அவர் நம்பியது கூட்டு. பன்னிரண்டு பேர் மாதம் பத்து வெள்ளி கட்டினால் மாதந்தோறும் ஒருவர் கைக்கு 120 வெள்ளி போய்ச் சேரும். ஓராண்டில் எல்லோருக்கும் ஒரு முறை கிட்டிவிடும். ஆள் தலைமறைவானால் பணமும் மறைந்துவிடும் என்பதே இதிலுள்ள ஆபத்து. 1971ஆம் ஆண்டு சிங்கப்பூர் சீட்டு நிதிகளை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டு மலேசியா தடைச்சட்டமே கொண்டுவந்தது. அந்த மலேசியச் சட்டத்தின் பெயரிலேயே ‘கூட்டு’ என்னும் சொல் இடம்பெற்றுள்ளது. மளிகைக் கடையின் ‘555’ குறிப்பேட்டில் எழுதப்பட்ட கடனோ தாத்தாவின் ஏட்டில் தனிப் பக்கமாக இருந்தது. அந்தப் பக்கம் எந்த ஆண்டும் வெறுமையாக இருந்ததில்லை. இவ்வளவு கண்டிப்பாகத் திட்டமிட்ட மனிதருக்கும் கடன் இருந்தது என்பதை மாணவியின் தாளோடு சேர்த்துப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன்.

தாத்தாவின் ஏட்டை அவர் எழுதினார். அவருக்கு முந்திய தலைமுறைத் தமிழர்களின் கணக்கை எழுதியவர் யார்?

மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்த தென்னிந்தியத் தொழிலாளர்களுக்கு 1920களில் ‘நிலையான கூலி’ என்ற ஏற்பாடு வந்தது. 1907ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட இந்தியக் குடியேற்றக் குழுவுக்குக் கூலியை நிர்ணயிக்கும் பொறுப்பு அளிக்கப்பட்டது. அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் இக்குழுவில் பெரும்பான்மையினர். ஒரு தொழிலாளிக்கு என்னென்ன தேவை எனச் செலவுப் பட்டியல் வகுத்து, அதனடிப்படையில் கூலி கணக்கிடப்பட்டது. 1920களின் இறுதியில், எளிதில் சென்றடையக்கூடிய வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என முடிவாயிற்று. பெண்ணின் வயிறு ஆணின் வயிற்றைவிடப் பத்துக் காசு சிறியது என்று யார் அளந்தார்களோ!

1930இல் உலகப் பொருளாதார மந்தம் இரப்பர் விலையை வீழ்த்தியது. உடனே கூலி 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. பல்லாயிரம் தொழிலாளர்கள் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தொழிலாளியின் பசி ஒரே ஆண்டில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடவில்லை. இரப்பர் விலைதான் குறைந்தது. தேவையைக் கொண்டு கூலியை அளந்ததாகச் சொல்லப்பட்ட பட்டியல், இக்கட்டு வந்தபோது கூலியைக் கொண்டு தேவையை அளக்கத் தொடங்கியது.

1936ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அரசின் சார்பில் மலாயாவுக்கு வந்து நிலைமையை ஆராய்ந்தவர் வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி. வலங்கைமானில் பிறந்து, சென்னைத் திருவல்லிக்கேணியில் தலைமையாசிரியராகப் பணியாற்றியவர். ஆகவே நம் இனத்தவர் என்று ஆசிரியர்களாகிய நாம் உரிமை கொண்டாடலாம். பழைய 50, 40 காசுக் கூலியை மீட்டுத் தரவேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். ஆனால் 1938இல் மீண்டும் கூலிக்குறைப்பு வந்தது. அவ்வாண்டு ஜூன் திங்களில் இந்திய அரசு, உதவி பெற்று மலாயாவுக்குக் குடியேறும் தொழிலாளர் பயணத்தைத் தடை செய்தது.

‘ஒரு குடும்பத்திற்கு எவ்வளவு போதும்?’ என்ற கேள்வி மலாயாவில் மட்டும் கேட்கப்பட்டதன்று. இங்கிலாந்தின் யார்க் நகரில் 1899ஆம் ஆண்டு சீபோம் ரவுண்ட்ரீ என்பவர் வீடு வீடாக ஆய்வு நடத்தி, 1901இல் நூலாக வெளியிட்டார். பெற்றோரும் மூன்று பிள்ளைகளும் கொண்ட குடும்பம் உடல்நலத்தை மட்டும் காத்துக்கொள்ள வாரத்திற்கு 21 ஷில்லிங் 8 பென்ஸ் வேண்டும் என்று அவர் கணக்கிட்டார். அந்தக் கணக்கில் பேருந்துக் கட்டணம் இல்லை, நாளிதழ் இல்லை, பிரிந்து வாழும் பிள்ளைக்குக் கடிதம் எழுத அஞ்சல் தலைக்குக்கூடக் காசு இல்லை. மனிதர் இப்படித்தான் வாழவேண்டும் என்பதற்காக அவர் அவ்வாறு எழுதவில்லை. இவ்வளவு கடுமையான கோட்டை வரைந்த பின்னும் அதற்குக் கீழே எத்தனை பேர் இருக்கிறார்கள், பாருங்கள் என்று காட்டவே எழுதினார். 1936இல் அதே நகரை மீண்டும் ஆராய்ந்தபோது நாளிதழுக்கும் வானொலிக்கும் தம் கணக்கில் இடம் தந்தார்.

ரவுண்ட்ரீயின் அஞ்சல் தலையைப் படித்ததும் தாத்தாவின் ஏட்டை மீண்டும் புரட்டினேன். மாதந்தோறும் ‘தபால்’ என்று ஒரு வரி! 1968ஆம் ஆண்டு ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை மீட்டுக்கொள்ளும் காலக்கெடுவை முன்னுக்குக் கொண்டுவந்து அறிவித்தது. அன்றைய சிங்கப்பூர்ப் பொருளாதாரத்தில் படைத்தளங்களின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. தளத்தை நம்பியிருந்த வீடுகளில் அந்த ஆண்டு எப்படிக் கழிந்திருக்கும் என்பதை அவ்வாண்டு ஏடு சொல்கிறது. மீன் பாதியாகிறது. தீபாவளித் துணி பிள்ளைகளுக்கு மட்டும் என்று திருத்தப்பட்டிருக்கிறது. பாட்டிக்குச் சேலை என்ற வரியின் மேல் கோடு கிழித்திருக்கிறது. ‘தபால்’ மட்டும் கைபடாமல் அப்படியே இருக்கிறது! எந்த அதிகாரியின் பட்டியலிலும் அது முதலில் அடிபட்டிருக்கும். தாத்தாவின் பட்டியலில் அது நிலைத்தது. எழுதுகோல் அவர் கையில் இருந்ததே காரணம்.

சிங்கப்பூரிலும் இத்தகைய கணக்கெடுப்புகள் நடந்தன. பின்னாளில் நிதியமைச்சரான கோ கெங் சுவீ, 1953-54ஆம் ஆண்டுகளில் நகரக் குடும்பங்களின் வருமானத்தையும் குடியிருப்பையும் ஆராய்ந்தார். 1956இல் அறிக்கை வெளிவந்தது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு குடும்பம் வறுமையில் இருப்பதாக அது காட்டியது. 1955ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் மத்திய சேம நிதி தொடங்கிற்று; ஊழியர் ஐந்து விழுக்காடு, முதலாளி ஐந்து விழுக்காடு. 1877ஆம் ஆண்டிலிருந்தே அஞ்சலகச் சேமிப்பு வங்கி இங்கு இருந்தது. 1980களில் பள்ளியில் படித்த என் வயதினருக்கு அதன் அணில் சின்னம் நன்கு நினைவிருக்கும். இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகளே. ஆனால் சேமிக்க வாய்ப்பிருந்தவர்களுக்கே அணில் நண்பனாயிற்று.

அண்மையில், 2019ஆம் ஆண்டிலும் 2021ஆம் ஆண்டிலும், இங் கொக் ஹோ, டியோ யூ யென் முதலிய ஆய்வாளர்கள் வேறொரு வழியைப் பின்பற்றினர். பலதரப்பட்ட மக்களைக் குழுக்களாக அமர்த்தி, ஒரு குடும்பத்திற்கு அடிப்படைத் தேவை எவை என்று அவர்களையே பேசி முடிவு செய்யச் சொன்னார்கள். உணவு, உடை, உறையுளோடு நின்றுவிடாமல், பிறரோடு கலந்து பழகுவதும், பண்பாட்டையும் சமயத்தையும் கடைப்பிடிப்பதும் தேவைகளே என்று மக்கள் கூறினார்கள். 65 வயதைக் கடந்து தனியே வாழ்பவருக்கு 2019இல் மாதம் 1,379 வெள்ளி என்றும், பள்ளி வயதுப் பிள்ளைகள் இருவரைக் கொண்ட பெற்றோருக்கு 2021இல் 6,426 வெள்ளி என்றும் கணக்கு வந்தது. இம்முறை விருப்பங்களையும் சேர்த்துக்கொள்கிறது என்று அரசாங்கத் தரப்பு மாற்றுக் கருத்துத் தெரிவித்தது. தொகை கூடுதலா குறைவா என்று அறிஞர்கள் வாதிடட்டும். எழுதுகோல் கைமாறியது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1920களில் தொழிலாளியைக் கேளாமல் எழுதப்பட்ட பட்டியல், நூறாண்டுக்குப் பின் வாழ்பவரைக் கேட்டு எழுதப்பட்டிருக்கிறது.

இங்கு நாம் வகுப்பில் அடிக்கடி எடுத்தாளும் ஒரு குறளையும் நினைவுகூர வேண்டும். வரும் வழி சிறிதானாலும், போகும் வழி அகலாதவரை கேடில்லை என்னும் கருத்துடைய குறள் அது. அதைச் சிக்கனத்திற்கு மேற்கோளாகக் காட்டுகிறோம், தவறில்லை. ஆனால் வள்ளுவர் அதை வைத்த இடம் பொருட்பாலில் ‘வலியறிதல்’ அதிகாரம். தன் வரவையும் செலவையும் தானே வகுக்கும் வலிமை படைத்த அரசனுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை. போகும் வழியைச் சுருக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. வரும் வழியைப் பிறர் அடைத்து வைத்திருக்கும்போது, ‘நீ செலவைச் சுருக்கு’ என்று மட்டும் சொல்வது அறமாகாது.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! சிக்கனத்தைக் கற்பிக்க வேண்டாம் என்று நான் கூறவில்லை. தாத்தாவின் ஏடு இல்லையேல் என் தந்தையின் படிப்பு இல்லை. ஆண்டுத் தொடக்கத்தில் பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொண்டு, ஆண்டுச் செலவுகளை முதலில் எழுதிப் பாருங்கள். எதைக் குறைக்கலாம் என்று கேட்பதோடு, எதை எந்நாளும் குறைக்கக் கூடாது என்றும் கேளுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ‘தபால்’ வரி இருக்கும். அதை அடையாளம் காண்பதும் சிக்கனக் கல்விதான். அதே வேளையில், பணம் மிஞ்சாத வீட்டுப் பிள்ளை நம் கட்டுரைத் தலைப்பைக் கண்டு தலைகுனியாதவாறு பார்த்துக்கொள்வதும் நம் கடமை.

இவ்வாண்டு முதல் அக்கட்டுரைத் தலைப்பை மாற்றிவிட்டேன். ‘எங்கள் வீட்டில் ஒருபோதும் குறைக்காத செலவு’ என்பதே புதிய தலைப்பு. பாட்டியின் மருந்து, வெள்ளிக்கிழமைப் பூ, வாரம் ஒரு முறை தாத்தாவைப் பார்க்கக் கடற்பாலம் தாண்டிச் செல்லும் பேருந்துக் கட்டணம் என்று பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்!

அந்த மாணவியின் தாளை மறுநாளே திருப்பிக் கொடுத்தேன். மதிப்பெண் இடவில்லை. அவள் கேள்விக்குக் கீழே சிவப்பு மையில் இவ்வாறு எழுதினேன்: “உன் அம்மா சிக்கனமானவர். மிஞ்சாததற்குக் காரணம் அவருடைய கணக்கில் இல்லை. அந்த ஏட்டைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல், அது வரலாறு.”