சேவை நாழியும் ஷ்பெட்ஸ்லே பிரஸ்ஸும்: மாவைப் பிழியுற ஒரு மெஷினோட கதை

இந்த எபிசோட் ஒரு போட்டோவுல ஆரம்பிக்குது. எங்க டீம்ல ஸ்டுட்கார்ட்லேர்ந்து வேலை பார்க்கிற ஒருத்தர் இருக்கார். போன மாசம் சாட்ல ஒரு படம் அனுப்பினார். ரெண்டு நீளமான கைப்பிடி, நடுவுல ஓட்டை போட்ட ஒரு கிண்ணம். "இது என்னன்னு சொல்லு பார்க்கலாம்" என்றார். நான் பதில் டைப் பண்ணல. குரோம்பேட்டை வீட்டுப் பரண்ல ஏறி, பழைய பேப்பர்ல சுத்தி வெச்சிருந்த மூணு கால் பித்தளைச் சேவை நாழியை இறக்கி, போட்டோ எடுத்து அனுப்பினேன். ரெண்டு பேருக்கும் சிரிப்பு. ஏன்னா ரெண்டுமே ஒரே வேலையைச் செய்யுற சாமான். மாவை ஓட்டை வழியா தள்ளுறது.

அவர் அனுப்பினது ஷ்பெட்ஸ்லே பிரஸ். ஷ்பெட்ஸ்லே என்பது தென்மேற்கு ஜெர்மனியில், ஸ்வாபியா என்கிற பகுதியில் வீட்டுக்கு வீடு செய்யுற பண்டம். கோதுமை மாவு, முட்டை, தண்ணி, உப்பு. இதைக் கொழகொழன்னு அடிச்சு, கொதிக்கிற தண்ணியில விடணும். வெந்ததும் மேலே மிதந்து வரும், கரண்டியில அரிச்சு எடுத்துடலாம். நூடுல்ஸுக்கும் கொழுக்கட்டைக்கும் நடுவுல ஒரு ஜாதி. பேருக்கு 'சின்னச் சிட்டுக்குருவி'ன்னு அர்த்தம் சொல்வாங்க. 1725இல் வூர்ட்டம்பெர்க் மருத்துவர் ரோசினோ லெண்டிலியுஸ் எழுதின குறிப்புலயே இந்தப் பேரோட பழைய வடிவம் வருது. 2012இல் ஐரோப்பிய ஒன்றியம் 'ஸ்வாபியன் ஷ்பெட்ஸ்லே'வுக்குப் புவிசார் பாதுகாப்பும் கொடுத்தது. அதே 2012லதான் ஸ்டுட்கார்ட்டோட டைம்லர் கம்பெனி நம்ம ஒரகடத்துல லாரி ஃபேக்டரியைத் திறந்தது. இது சும்மா ஒரு ஒற்றுமைதான், ஆனா தாம்பரம் பக்கம் இருக்கிறவங்களுக்கு ஸ்வாபியா அவ்வளவு தூரமில்ல.

இப்போ நம்ம பக்கம் வருவோம். 'நாழி'ங்கிற பேரையே கொஞ்சம் பாருங்க. நாழி என்பது ஒரு முகத்தல் அளவு. புறநானூற்றிலேயே ஒரு ஆள் சாப்பிடுற அளவைச் சொல்ல இந்த வார்த்தை வருது. முறுக்கு பிழியுறதுக்குச் சில ஊர்ல 'முறுக்கு உழக்கு'ன்னு பேர். உழக்கும் ஒரு அளவுதான். பழைய வாய்பாட்டுல 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 நாழி. அரிசி அளக்கிற சாமானோட பேர் எப்படி மாவு பிழியுற சாமானுக்குப் போச்சு? என் ஊகம் ரொம்ப சிம்பிள்: ரெண்டும் உருளை. வீட்டுல ஏற்கனவே இருக்கிற ஒரு உருளையோட பேரையே புதுசா வந்த உருளைக்கும் வெச்சிருப்பாங்க.

பிழிஞ்ச பண்டம் எவ்வளவு பழசு? இங்க கொஞ்சம் ஜாக்கிரதையா பேசணும். பெரும்பாணாற்றுப்படையை எழுதினவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடின நூல், அதாவது நம்ம தொண்டை நாட்டு நூல். அதுல கூவியர்னு சொல்ற அப்ப வணிகர்கள் வர்றாங்க. கரிய சட்டி, வெல்லப்பாகு, இழை சூழ்ந்த ஒரு வட்டமான பண்டம், கூடவே பால். 'இழை'ன்னு பார்த்ததும் 'இதோ சங்க காலத்து இடியாப்பம்'னு சந்தோஷமா எழுதிடுறாங்க. ஆனா அந்த வரியில அச்சும் கிடையாது, பிழியுறதும் கிடையாது. ஓரத்துல இழை இழையா வர்ற அப்பமாவும் இருக்கலாம். 2000 வருஷப் பெருமையை அந்த ஒரு வார்த்தை மேல ஏத்தி வெக்க நான் தயாரில்ல.

எனக்கு அதைவிட சுவாரசியமா பட்டது வேற. ஜெர்மன் பிரஸ் ஏன் வெறும் கைப்பிடி? நம்ம நாழிக்கு ஏன் மூணு காலும் திருகும்?

பதில் தானியத்துல இருக்கு. கோதுமையில குளூட்டன் இருக்கு, ஷ்பெட்ஸ்லேவுல முட்டையும் சேருது. அதனால மாவு பச்சையா, தளர்வா இருந்தாலும் கொதிதண்ணியில விழுந்த உடனே இறுகிடும். தளர்வான மாவைத் தள்ள பெரிய பலம் வேண்டாம். பழைய முறையில பிரஸ்ஸே கிடையாது: ஒரு மரப்பலகையில மாவைத் தடவி, கத்தியால சீவிச் சீவித் தண்ணியில தள்ளுவாங்க. இன்னைக்கும் அதுதான் ஒரிஜினல்னு வாதாடுற ஸ்வாபியப் பாட்டிகள் உண்டு.

அரிசியில குளூட்டன் கிடையாது. பச்சை அரிசி மாவைத் தண்ணியில பிழிஞ்சா கஞ்சிதான் மிஞ்சும். அரிசி ஒட்டணும்னா அதுல இருக்கிற ஸ்டார்ச் வெந்து பசையாகணும். சுமார் 70 டிகிரி செல்சியஸ் பக்கத்துல அது நடக்கும். இடியாப்பத்துல பாதி வேலை முன்னாடி: மாவுல கொதிதண்ணி ஊத்திக் கிளறுறோம், பிழியுறோம், அப்புறம் ஆவியில வேகவெக்கிறோம். சேவையில முழு வேலையும் முன்னாடியே முடிஞ்சிடும். ஊறவெச்சு அரைச்ச அரிசியைச் சில வீடுகள்ல கொழுக்கட்டையா உருட்டித் தண்ணியில வேகவெப்பாங்க. எங்க அம்மா வழி கோபிச்செட்டிபாளையத்துல இட்லித் தட்டுல ஊத்தி அவிப்பாங்க. வெந்ததைச் சுடச்சுட நாழியில போட்டுப் பிழியணும். கொங்குல இதுக்குப் பேர் சந்தகை. கோடு எழுதுறவங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, ரெண்டு ஃபங்ஷன்தான்: வேகவை, பிழி. எதை முதல்ல கூப்பிடுறோம்கிறதுதான் வித்தியாசம்.

ஆனா அந்த வரிசைக்கு ஒரு விலை உண்டு. வெந்த அரிசி மாவு கெட்டி. ஆற ஆற ஸ்டார்ச் மறுபடி இறுகும். அதுக்குத்தான் திருகு. எங்க வீட்டு நாழியை ஸ்கேல் வெச்சு அளந்தேன். மையத்துலேர்ந்து கைப்பிடி நுனி வரை 15 செ.மீ. ஒரு முழுச் சுத்துக்குத் தண்டு இறங்குறது 4 மி.மீ. கை 94 செ.மீ. சுத்தி வந்தா தண்டு 4 மி.மீ. நகருது. கணக்குப்படி 235 மடங்கு பலம். உராய்வு அதுல பெரும்பங்கைத் தின்னுடும், ஆனாலும் மீதி இருக்கிறதே அதிகம். ஷ்பெட்ஸ்லே பிரஸ்ஸோட கைப்பிடியில பத்து மடங்கு கிடைச்சாலே பெரிய விஷயம்.

இன்னொரு கிளைக்கதை, இது நம்ம ஏரியா சம்பந்தப்பட்டது. இப்போ ஜி.எஸ்.டி. ரோடு பாத்திரக் கடையில போய்க் கேட்டா பித்தளை நாழியோட அலுமினிய நாழியும் எடுத்துக் காட்டுவாங்க. அலுமினியம் தமிழ்நாட்டு சமையல்கட்டுக்குள்ள வந்ததுல ஆல்பிரட் சாட்டர்டன் என்பவருக்குப் பங்கு உண்டு. கிண்டி பொறியியல் கல்லூரியில பேராசிரியர். 1898இல் சென்னைக் கலைப் பள்ளியில அலுமினியப் பாத்திரம் செய்யுற சோதனையை ஆரம்பிச்சார். எடை கம்மி, பித்தளை மாதிரி ஈயம் பூச வேண்டாம். அடுத்து அவர் கையில எடுத்தது குரோம் முறையில தோல் பதனிடுறது. அந்தத் தொழில்ல பின்னாடி ஜி. ஏ. சேம்பர்ஸ் நடத்தின குரோம் லெதர் கம்பெனி பேர்லதான் நம்ம குரோம்பேட்டை இருக்கு. நம்ம ஊர் பேருக்குப் பின்னாடி இருக்கிற அதே மனுஷன், நம்ம வீட்டு அலுமினியச் சட்டிக்குப் பின்னாடியும் இருக்கார்.

சரி, இவ்வளவு படிச்சுட்டுச் செய்யாம இருக்க முடியுமா? ஒரு ஞாயித்துக்கிழமை நாழியைப் புளி போட்டுத் தேய்ச்சு, இட்லி அவிச்சு, ஆறவெச்சு, நிதானமா நிரப்பிச் சுத்தினேன். ரெண்டு சுத்துல நின்னுடுச்சு. மூணு காலும் தரையில வழுக்கிட்டுப் போகுது, மாவு ஒரு இழைகூட வரல. கோபிக்கு வீடியோ கால் போட்டேன். அமுச்சி பார்த்த உடனே தலையில அடிச்சுக்கிச்சு.

"ஆறவெச்சா கல்லாட்டம் ஆயிரும் கண்ணு. அடுப்புல இருந்து எடுத்த கையோட போடோணும். ஒருத்தர் காலை அமுத்திப் புடிச்சுக்கோணும், ஒருத்தர் சுத்தோணும்."

அம்மா வந்து உட்கார்ந்து காலைப் புடிச்சாங்க. நான் சுத்தினேன். வந்துச்சு. வெள்ளை வெள்ளையா, நூல் நூலா. நாலாவது ஈடு போடும்போது என் வலது தோள் எரிய ஆரம்பிச்சது. அப்பதான் உறைச்சுது: 235ங்கிற நம்பரை எழுதின நான், இந்தப் பக்கம் இருந்த கையைக் கணக்குலயே எடுத்துக்கல.

"இப்ப ஏன் அமுச்சி செய்யுறதில்ல?"ன்னு கேட்டேன்.

"தோள் தூக்க முடியலையே சாமி. விருந்தாளி வந்தா பத்துப் பேருக்குப் பிழியோணும். உங்க தாத்தா ஒரு நாளாச்சும் வந்து சுத்தி இருந்தா, நானும் இன்னும் பத்து வருசம் பிழிஞ்சிருப்பேன்."

அது சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுச்சு. பக்கத்துல உட்கார்ந்திருந்த அம்மா சிரிக்கல.

'அந்தக் காலத்துல எல்லாம் வீட்டுலயே செஞ்சாங்க, இப்போ பாக்கெட் சேவை'ன்னு நாம ஈஸியா சொல்லிடுறோம். நானும் சொல்லியிருக்கேன், இதே பாட்காஸ்ட்ல. நாழி பரணுக்குப் போனதுக்கு நம்ம சோம்பேறித்தனம் மட்டும் காரணம் இல்ல. ரெண்டு பேர் வேலைக்குச் செஞ்ச மெஷினை ஒரே ஆள் ஓட்டிக்கிட்டு இருந்தாங்க. அவங்க ஓய்ஞ்சதும் மெஷினும் நின்னுடுச்சு. எங்க வீட்டுல பாக்கெட் சேவை வந்தது அதுக்கப்புறம்தான். அதனால அம்மா அந்தப் பாக்கெட்டை வாங்கும்போது அவங்க மரபை விடுறாங்கன்னு இனிமே நான் சொல்ல மாட்டேன். அவங்க தோளைக் காப்பாத்திக்கிறாங்க.

ஸ்டுட்கார்ட் நண்பருக்கு சந்தகை போட்டோ அனுப்பினேன், தேங்காய்ப்பாலோட. "உங்க வீட்டுல பிரஸ்ஸை யார் அமுக்குவாங்க?"ன்னும் கேட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு பதில் வந்துச்சு: "பாட்டி. எப்பவும் பாட்டிதான்."

நாழியை நான் மறுபடி பரண்ல ஏத்தல. சமையல்கட்டுல கீழ்த்தட்டுலயே இருக்கு. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை, சுத்துறது நான், காலைப் புடிக்கிறது அப்பா. அம்மா தட்டை நீட்டுறதோட சரி. உங்க வீட்டுப் பரண்லயும் ஒண்ணு இருந்தா இறக்குங்க. இறக்குறதுக்கு முன்னாடி, அதைக் கடைசியா யார் சுத்தினாங்கன்னு கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.